கருவி இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை

பல்கலைக்கழகத் துறைகளைப் பார்வையிடும் குழுக்களில் அவ்வப்போது போய்வருகிறேன். எந்தத் துறைக்குப் போனாலும் முதலில் காட்டுவது கருவிகளைத்தான். மேஜைமேல் கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி, பக்கத்தில் சேர்மத்தை அடையாளம் காட்டும் எஃப்டிஐஆர், சுவரில் அதற்குப் பணம் கொடுத்த திட்டத்தின் பெயர்ப் பலகை. நான் லாக் புக்கைக் கேட்பேன். யார், எந்தத் தேதியில், எந்த சாம்பிளை ஓட்டினார்கள் என்று குறித்துவைக்கும் அந்த நோட்டைப் புரட்டினாலே விஷயம் விளங்கிவிடும். திட்டம் நடந்த வருடங்களில் பக்கம் பக்கமாகப் பதிவுகள் இருக்கும். திட்டம் முடிந்ததும் அவை குறையும், அப்புறம் வெற்றுத் தாள்கள்தான். ஏன் என்று கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்: "ஏஎம்சி ரின்யூ பண்ணல மேடம்."

ஏஎம்சி என்பது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். எச்பிஎல்சியின் யுவி டிடெக்டரில் எரியும் ட்யூட்டீரியம் விளக்குக்கு ஆயுள் ஒன்றிரண்டு ஆயிரம் மணி நேரம்தான். பம்ப்பின் சீலும் தேய்ந்துபோகும். இவையெல்லாம் பெரிய கோளாறே இல்லை. ஆனால் ஒரு விளக்கு வாங்க மூன்று கொட்டேஷன், கொள்முதல் குழு, நிதி அலுவலர் கையெழுத்து என்று கோப்பு மேஜை மேஜையாக நகர்வதற்குள் ஆய்வு மாணவரின் ஒரு செமஸ்டர் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அந்தக் கருவியின் குணம் தெரிந்தவர் அநேகமாக ஒரு ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டாக இருப்பார். கருவி வரையும் அடிக்கோடான பேஸ்லைன் ஆட ஆரம்பித்தால் எங்கே காற்று புகுந்திருக்கிறது என்று தேடிப் பிடிப்பவர் அவர்தான். ப்ராஜெக்ட் முடிந்த அன்றே அவர் வேலையும் முடிந்துவிட்டது. ஏதாவது மருந்து கம்பெனியில் சேர்ந்திருப்பார். அவர் கற்ற எதுவும் துறையில் தங்கவில்லை. அடுத்து வரும் மாணவர் மேனுவலின் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆராய்ச்சித் திறனை வளர்ப்போம் என்று கருத்தரங்கு கருத்தரங்காகப் பேசுகிறோமே, அந்தத் திறன் கசிந்துபோவது இந்த இடத்தில்தான்.

நாட்டின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து 3-ஆம் இடத்தில் இருக்கிறோம். ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கு நாம் செலவிடுவதோ, 2020-21 கணக்குப்படி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அந்தச் சிறிய தொகையிலும் உயர்கல்வி நிறுவனங்கள் செலவிட்டது 9 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. நம் மாணவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளிலும்தான் படிக்கிறார்கள். ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் வேறு வளாகங்களுக்குப் போகிறது.

இது நேற்று வந்த ஏற்பாடு அல்ல. 1942-இல் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் உருவாகி, சுதந்திரத்தை ஒட்டி தேசிய ஆய்வகங்கள் தனித்தனி வளாகங்களில் எழுந்தன. ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிப்பதில் இயற்பியலாளர் மேகநாத் சாஹாவுக்கு அப்போதே உடன்பாடு இல்லை. அவர் கவலைப்பட்டது சரிதான் என்பது என் கருத்து. அந்த ஆய்வகங்களால் நாடு அடைந்த பயன் பெரிது. ஆனால் இளநிலை மாணவர் ஒருவர், தன் ஆசிரியர் ஆராய்ச்சி செய்வதைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்கிக்கொண்டு போகும் நிலை அதனால்தான் வந்தது.

ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தால் உலகத் தரத்தில் ஆராய்ச்சி செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் கிண்டியைத்தான் காட்டுவேன். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியர் தேடிய துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் முதலில் அணுகியது சர் சி.வி. ராமனை. ராமன் தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். 1952-இல் அவர் பொறுப்பேற்றபோது வயது 30. துறையைத் தொடக்கத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது. எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடம் அமைத்தார். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தோலின் அடிப்படைப் புரதமான கொலாஜனையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அதன் மும்முறுக்கு வடிவத்தை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். 1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் இன்று உலகெங்கும் உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

நம் துணைவேந்தர்கள் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது அவருடைய மேதைமையை அல்ல. முப்பது வயதுக்காரரை நம்பி நிரந்தரப் பதவி கொடுத்தார்கள். ஒரே கேள்வியைப் பல வருடம் துரத்த விட்டார்கள். கூடவே மாணவர்கள் இருந்து, வளர்ந்து, அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் 1970-களின் தொடக்கத்தில் பெங்களூருக்குப் போன பிறகும் சென்னையில் அந்தத் துறை படிக இயல், உயிர் இயற்பியல் உயராய்வு மையமாகத் தொடர்ந்தது. இன்று அதே முப்பது வயதில் நம்முடைய முனைவர் பட்டதாரி என்ன செய்கிறார்? கௌரவ விரிவுரையாளராக, வருடா வருடம் பணி நீட்டிப்பு வருமா என்று காத்திருக்கிறார். ஐந்து வருடத்துக்கு நீளும் ஆய்வுக் கேள்வியை அவர் எந்தத் தைரியத்தில் எடுப்பார்?

திறனை வளர்க்காமல் எண்ணிக்கையை மட்டும் கேட்டதன் விளைவையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2009 விதிகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்றன. அடுத்த ஆண்டே ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு, கட்டுரை முதலியவற்றை எண்ணிப் புள்ளி போடும் ஏபிஐ மதிப்பெண் வந்தது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களுக்கு இதைவிடத் தோதான சந்தை ஏது? 2018 மே மாதம் யுஜிசி தான் ஏற்றுக்கொண்ட இதழ்களின் பட்டியலிலிருந்து ஒரே நேரத்தில் 4,305 இதழ்களை நீக்க வேண்டிவந்தது. 2019-இல் அதற்குப் பதிலாகக் கேர் என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது, 2025-இல் அதையும் கைவிட்டார்கள். கட்டுரை கட்டாயம் என்ற விதியையே 2022 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அதை வைத்திருக்கின்றன.

ஆகவே இதழைச் சரிபார்க்கும் பொறுப்பு இப்போது, ஆய்வு மாணவர்களே, உங்கள் தலையில்தான். "ஸ்கோபஸ் கேரண்டி, பத்து நாளில் அக்செப்டன்ஸ், இரண்டாவது மூன்றாவது ஆத்தர் இடம் காலி" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறதா? அது ஆசிரியர் இடத்தை விற்கும் வியாபாரம். பணம் கட்டி அதில் பெயர் சேர்த்தால் நீங்கள் செய்வது ஆய்வு மோசடி. இன்னொரு தந்திரம், நல்ல இதழ் ஒன்றின் பெயரையும் அதன் அடையாளமான ஐஎஸ்எஸ்என் எண்ணையும் அப்படியே எடுத்துப் போலி இணையதளம் திறப்பது. அதனால் கூகுளில் பெயரைத் தேடி முதலில் வரும் தளத்துக்குப் போகாதீர்கள். ஆய்விதழ்களைத் தொகுக்கும் தரவுத்தளமான ஸ்கோபஸின் சோர்ஸ் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இதழ் அங்கே இருக்கிறதா, சேர்ப்பதை நிறுத்திவிட்டார்களா என்று பாருங்கள். அண்மை இதழில் எழுதிய ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, கட்டுரையை மதிப்பிட்ட ரெவ்யூவர்கள் என்ன கேட்டார்கள் என்று விசாரியுங்கள். மூன்று நாளில், ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்றால் விலகிவிடுங்கள். அங்கே ஒருமுறை வெளியான கட்டுரையைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. வேலைக்கான நேர்முகத் தேர்வில் அதுதான் முதலில் கண்ணில் படும்.

சரி, இன்று கையில் என்ன இருக்கிறது? 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. இது தெரியாமல், கட்டுரை கேட்டு வெளிநாட்டு நண்பர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கும் மாணவர்களை இப்போதும் பார்க்கிறேன். வெளியிலிருந்தும் இதழ்களைத் திறக்க உதவும் இன்ஃபெட் லாகினை உங்கள் நூலகரிடம் கேளுங்கள், வீட்டிலிருந்தே படிக்கலாம். கருவி இல்லையென்றால், நாட்டின் ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் ஐ-ஸ்டெம் தளத்தில் எந்த நிறுவனத்தில் எது இருக்கிறது என்று தேடி நேரம் பதிவு செய்யலாம். ஐஐடி மெட்ராஸில் இருக்கும் சைஃப் என்ற பொதுக் கருவி மையம் வெளியாட்களின் சாம்பிள்களைக் கட்டணத்துக்கு ஓட்டித் தருகிறது.

ஆசிரியர்களுக்கென்று வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வாரியமாக இருந்த செர்ப் தொடங்கிய டேர் திட்டம். மாநிலப் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர் தன் வேலையையும் சம்பளத்தையும் விடாமல், மூன்று வருடங்களுக்கு, வருடத்தில் குறிப்பிட்ட நாட்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆய்வகத்தில் போய் வேலை செய்யலாம். கருவியைத் தருவதைவிட இது மேல். அங்கே வாராந்திரக் கூட்டம் எப்படி நடக்கிறது, தோற்ற சோதனையை எப்படி அலசுகிறார்கள் என்பதைப் பார்த்தவர் அந்தப் பழக்கத்தைத் தன் துறைக்குக் கொண்டுவருவார். துறைத் தலைவர்கள் வகுப்பு நேரத்தை மாற்றி அமைத்து அவரை அனுப்பிவைக்க வேண்டும்.

ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் பல்கலைக்கழகத்துக்கென்று, நிர்வாகச் செலவுக்கான ஓவர்ஹெட் தொகை வருகிறது. அது பொது நிதியில் கரைந்துவிடுகிறது. அதில் ஒரு பங்கைக் கருவிப் பராமரிப்புக்கும், நிரந்தரத் தொழில்நுட்ப உதவியாளரின் சம்பளத்துக்கும் ஒதுக்கிவைக்க, பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவான சிண்டிகேட் தீர்மானம் போட்டால் போதும்.

பிஎச்டி சேரப்போகும் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விதிப்படி பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் ஒரே நேரத்தில் வழிகாட்டலாம். கைடுக்கு எத்தனை கட்டுரை என்று பார்ப்பதற்கு முன், அவரிடம் இப்போது இருக்கும் மாணவர்களைத் தனியே சந்தியுங்கள். வாரம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசுகிறாரா, தரவைத் தானே பார்க்கிறாரா என்று கேளுங்கள். அவர்களில் யாராவது, ஒரு இதழ் மறுத்த கட்டுரையை எடுத்துக் காட்டி, ரெவ்யூவர் கேட்டதற்காக எந்தச் சோதனையை மறுபடி செய்தோம் என்று விளக்கினால், தயங்காமல் அங்கே சேருங்கள்.