படகு டிக்கெட் வாங்கினால் என்னென்ன கேட்கலாம்?

ஏற்காடு ஏரிக்கரையில் டிக்கெட் வாங்கியதும் எல்லோரும் கேட்பது, "எவ்வளவு நேரம் விடுவீங்க?" என்றுதான். "இதில் எத்தனை பேர் ஏறலாம்?" என்றும் கேட்டுவிடுங்கள்.

பஸ்ஸுக்கு எஃப்.சி., இன்சூரன்ஸ், டிரைவருக்கு லைசென்ஸ் வேண்டும் அல்லவா? மோட்டார் படகுக்கும் அப்படித்தான். 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுபவருக்குச் சான்றிதழ் என எல்லாவற்றையும் கட்டாயமாக்கியிருக்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. சேலம் மாவட்டம் பூலாம்பட்டியிலிருந்து எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குக் காவிரியைக் கடக்கும் விசைப்படகு, உல்லாசப் படகு எதுவானாலும் மோட்டார் இருந்தால் இந்தக் கணக்கில் வரும். மிதிபடகு, துடுப்புப் படகு, பரிசல் போன்றவற்றுக்குச் சட்டத்தில் தனிப் பகுதி உண்டு.

ஆள் கணக்குதான் முக்கியம். 2009இல் தேக்கடியில் கவிழ்ந்த படகில் 45 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளத்துத் தானூரில் 22 பேர். அந்தப் படகு மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது என்றார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். வாடகைக்கு ஓட்டும் படகில் உயிருக்கு ஆபத்து வரும்படி ஆளோ சுமையோ ஏற்றுவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 284ஆம் பிரிவின்படி குற்றம்: 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். படகு கவிழ வேண்டும் என்பதில்லை, அப்படி ஏற்றிப் போனாலே குற்றம்தான். தண்டனை குறைவு என்பது என் எண்ணம். ஆனாலும் படகுக்காரரிடம் பிரிவு எண்ணைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் வேலை செய்யும்.

அப்புறம் லைஃப் ஜாக்கெட். தோளில் சும்மா மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பதற்கு அது இல்லை. கொக்கிகள் எல்லாம் 'டக்'கென்று பூட்ட வேண்டும். குழந்தைக்குப் போட்டபின் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரியவர் அளவு. தண்ணீரில் குழந்தை கீழே நழுவும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். சின்ன அளவு கேளுங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள், அழுதால் ஒரு மிளகாய் பஜ்ஜியில் சரியாகிவிடும்.

மேட்டூரில் உபரிநீர் திறந்துவிடும் நாட்களில் பூலாம்பட்டிப் படகை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குப் பரிசல்காரரைக் கெஞ்ச வேண்டாம், பாலம் சுற்றியே போங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் முதலில் போலீஸ் புகார். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். காசு கொடுத்துப் பெற்ற சேவை என்பதால், சேலத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 2 ஆண்டுக்குள் இழப்பீடு கேட்கலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. விவரம் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதற்கெல்லாம் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். ஈரத்தில் மை கலைந்துவிடும், ஏறும் முன்பே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.