வெறும் மண்ணில் நிற்கிற மிளகாய்

கூட்டின முற்றம் மாதிரிக் கிடக்கும் செம்மண்ணில், ஒரு புல் இல்லாமல், இரண்டடிக்கு ஒன்றரையடி இடைவெளியில் மிளகாய்க் கன்றுகள். வன்னியில் நல்ல தோட்டம் என்றால் இப்படித்தான். பறந்து வரும் பூச்சிக்கும் இதைவிட வசதி இல்லை. பயிரின் மணம் பிடித்து அந்தப் பக்கம் வருகிற பூச்சியும் பெரும்பாலும் இறங்குவது பச்சை நிறத்தைப் பார்த்து. பழுப்பு மண்ணில் தனித்து நிற்கிற பச்சைப் புள்ளி எல்லாமே பயிர்தான் என்றால், அதற்குத் தேடுகிற வேலையே இல்லை.

பிரித்தானிய ஆய்வாளர்கள் ஸ்ரான் ஃபின்ச்சும் ரோஸ்மேரி கொலியரும் 2000ஆம் ஆண்டில் இதைக் கோவா (முட்டைக்கோசு) வேர் ஈயை வைத்து விளக்கினார்கள். இலையில் இறங்கிய ஈ காலால் ருசி பார்க்கும். சரியென்றால் சின்ன வட்டமடித்துத் திரும்ப இறங்கும். தொடர்ந்து சில தடவை சரியான இலை அகப்பட்டால்தான் முட்டையிடும். இடையில் வேறு செடியில் இறங்கினால் கணக்கு முதலிலிருந்து. பல தடவை பிசகினால் இடத்தையே விட்டுப் போய்விடும். வாசனைச் செடிகள் மற்றச் செடிகளைவிடச் சிறப்பாக எதையும் செய்யவில்லை என்பதையும் அவர்களுடைய பிந்திய சோதனைகள் காட்டின. ஆக, பாத்தி மூலையில் ஒரு துளசியை நட்டுவிட்டுப் பூச்சி ஓடும் என்று இருப்பதில் பயனில்லை. இடைவெளியை நிரப்பும் பச்சைதான் கணக்கு.

மிளகாயைச் சுற்றிச் சோளம் போட்டால், பச்சை கூடுவது போக இன்னொரு பயனும் உண்டு. சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அழுக்கணவன் காவும் மொசைக் வைரசுகள் அதன் ஊசிவாயின் நுனியில்தான் ஒட்டியிருக்கும். முதலில் சோள இலையில் இரண்டு மூன்று தடவை குத்திப் பார்த்தால் வைரசு அங்கேயே துடைபட்டுவிடும். சோளத்துக்கு அதனால் கேடில்லை. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டல் வைரசுக்கு இந்த வேலை செல்லாது. அது ஈயின் உடம்புக்குள் போய்த் தங்குவது. அங்கே சோளம் வெறும் வேலி, காற்றோடு வருகிறதை ஓரளவு தடுக்கும், அவ்வளவுதான்.

கன்று நடுவதற்கு மூன்று கிழமைக்கு முன்னர் சோளத்தை விதைக்க வேண்டும். நடும்போது முழங்கால் உயரமாவது இருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் போட்டால் கன்று இளசாய் இருக்கும் ஆபத்தான காலம் காவலில்லாமல் கழியும். இரண்டு வரி, வரிக்கு வரி ஓரடி, செடிக்குச் செடி எட்டங்குலம். மிளகாயிலிருந்து மூன்றடி தள்ளி, இல்லாவிட்டால் நிழலும் வேரும் முதல் வரியைக் கெடுக்கும். சிறுபோகத்தில் சோளகம் அடிக்கிற தென்மேற்குப் பக்கம் மூன்றாவது வரி ஒன்று. சோளம் மூன்றரை மாதத்தில் காய்ந்துவிடும், மிளகாயோ அதற்குப் பிறகும் காய்க்கும். ஆகவே ஆறு கிழமை கழித்து உட்பக்கம் இன்னொரு வரி விதையுங்கள். 2018இல் இலங்கைக்கு வந்த சேனா படைப்புழு இப்போது சோளத்தின் குருத்தில் இருக்கும், கிழமைக்கு இரு முறை பிரித்துப் பாருங்கள். குரங்கும் யானையும் வருகிற காணியில் சோளம் விருந்துக்கு அழைப்பது மாதிரி. அங்கே சணல் நல்லது.

சோளத்துக்கு வெளியே ஒரு வரி கௌபி. அதில் கறுப்பு அழுக்கணவன் அப்பும், அப்பட்டும். அதைத் தின்ன வருகிற பொறிவண்டு பெருகி உள்ளேயும் பறக்கும். இதன் குஞ்சுப்புழு வண்டு மாதிரி இருக்காது: கறுத்து நீண்டு, செம்மஞ்சள் புள்ளியோடு, குட்டி முதலை போல இலையில் ஊரும். பீடை என்று நசுக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். மொசைக் பிடித்த கௌபியை உடனே பிடுங்குங்கள், வெள்ளரி மொசைக் வைரசு மிளகாய்க்கும் பொது. பயற்றைப் பந்தலுக்குப் பக்கத்தில் கௌபி வேண்டவே வேண்டாம். இரண்டுக்கும் அழுக்கணவன் ஒன்றே.

கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) ஆமணக்கு. வரம்போரம் ஆறடிக்கு ஒன்று, கச்சானுக்கு இரண்டு கிழமை முந்தி. புகையிலைப் புழுவின் அந்து அகன்ற ஆமணக்கு இலையைத் தேடி வந்து முட்டையிடும்: அடிப்பக்கத்தில் பழுப்பு மயிர் மூடிய திட்டு, ஒன்றில் சில நூறு முட்டை. மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும். அதனால் ஒன்றுவிட்ட ஒரு நாள் இலையைப் புரட்டிப் பார்த்து, திட்டுள்ள இலையைக் கிள்ளிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். பச்சையம் சுரண்டப்பட்டு வலை மாதிரித் தெரிகிற இலையில் குஞ்சுகள் கூட்டமாக இருக்கும், அதுவரைக்கும் காலம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவை பிரிந்து கச்சானுக்குள் இறங்கிவிடும். பார்க்க நேரமில்லாதவர் ஆமணக்கு நடாமல் விடுவது நல்லது. பார்க்காத பொறிப்பயிர் பூச்சிப் பண்ணை. விதை நஞ்சு, பிள்ளைகளும் ஆடுகளும் நடமாடுகிற பக்கம் பூங்கொத்தை வெட்டிவிடுங்கள்.

செவ்வந்தி (மேரிகோல்ட்) பூச்சியை விரட்டும் என்று சொல்லப்படுவதில் பாதிதான் சரி. அதன் உயிருள்ள வேரிலிருக்கிற அல்பா-தேர்தைனைல் என்ற பொருள் வேர்முடிச்சு வட்டப்புழுவைக் கொல்லும். ஆனால் மிளகாய்க்கு நடுவே நாலு செடி நட்டால் அந்த நாலு வேரைச் சுற்றித்தான் பலன், பூவில் பனிப்பூச்சி சேருவது மட்டும் மிச்சம். பாத்தி முழுக்க ஆறங்குலத்துக்கு ஒன்றாக, கன்று நடுவதற்கு முன்னர் இரண்டு மாதம் நிற்க வேண்டும். இடையில் களை முளைத்தால் வட்டப்புழு அதன் வேரில் பிழைத்துக்கொள்ளும்.

வயலுக்கு எள்ளு. சீனா, தாய்லாந்து, வியட்நாம் வயல்களில் வரம்பில் தேன் சுரக்கும் பூச்செடிகள் வளர்த்து, நெல்லைத் தாக்கும் தத்திகளின் முட்டையில் வாழும் குளவிகளுக்கு உணவு கொடுத்தார்கள். எள்ளு அவற்றில் முக்கியமானது. 2016இல் வெளியான ஆய்வில் பூச்சிமருந்து அடிப்பது 70 சதவீதம் குறைந்து, விளைச்சல் 5 சதவீதம் கூடியிருந்தது. எள்ளுக்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், ஆகவே வரம்பின் உச்சியில்தான் தூவ வேண்டும்.