‘ஹை ரிஸ்க்’ என்று ரிப்போர்ட் வந்தால்

“100-க்கு 99 சரியாகச் சொல்லும் டெஸ்ட் என்றார்களே, அப்போது உறுதிதானே?” கருவின் குரோமோசோம் குறையைத் தேடும் ரத்தப் பரிசோதனையில் ‘ஹை ரிஸ்க்’ என்று வந்த ரிப்போர்ட்டை நீட்டியபடி ஒரு கணவர் என்னிடம் கேட்டார். பக்கத்தில் கர்ப்பிணி மனைவி, வயது இருபத்தைந்து இருக்கும், வாயே திறக்கவில்லை. என் வேலை ஆய்வகத்தில்தான். எங்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் ரத்த மாதிரிக் குழாயும் பார்கோடும். ஆட்கள் நேரில் வந்து உட்காருவது அபூர்வம். அதனாலோ என்னவோ, அன்று வாய்ப்பேச்சை விட்டுவிட்டு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

99 என்பது என்ன? டவுன் சிண்ட்ரோம் (21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் நிலை) உள்ள 100 கருக்களில் 99-ஐ அந்த ரத்தப் பரிசோதனை (என்.ஐ.பி.டி.) பிடித்துவிடும் என்பது. ‘ஹை ரிஸ்க்’ வந்த 100 பேரில் 99 பேரின் குழந்தைக்கு அது இருக்கிறது என்பதல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் கண்ணீர்.

அந்தப் பெண்ணின் வயதில் ஏறக்குறைய 1000-ல் ஒரு கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம். 10,000 பேர் பரிசோதித்தால் 10 கருக்கள்; பத்தும் பிடிபட்டதாகவே வைத்துக்கொள்வோம். மீதி 9,990 பேரில் 1000-க்கு ஒன்று தவறாக மணி அடித்தாலும் இன்னொரு 10. ஆக ‘ஹை ரிஸ்க்’ 20 பேருக்கு, உண்மையில் இருப்பது 10 பேருக்கு. சரி, தாய்க்கு வயது 40 என்றால்? 100-ல் ஒன்று என்று வைத்தால் 10,000 பேரில் 100 கருக்கள்; பிடிபடுவது 99, தவறான மணி 10. ஆக 109 ‘ஹை ரிஸ்க்’கில் 99 உண்மை. அதே மெஷின், அதே ரசாயனம். தாயின் வயது மாறியதும் ரிப்போர்ட்டின் பொருளே மாறிவிடுகிறது. இந்தக் கணக்கை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடலாம் என்று எனக்குப் பல நாளாக ஆதங்கம்.

தவறாக ஏன் மணி அடிக்கிறது? 1997-ல் ஆராய்ச்சியாளர் டென்னிஸ் லோவும் குழுவினரும் ஆண் கருவைச் சுமந்த பெண்களின் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதி) கொதிக்கவைத்து, அதில் ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோம் துணுக்குகள் மிதப்பதைக் கண்டார்கள். இந்தப் பரிசோதனைக்கு வேர் அதுதான். குழந்தையின் டி.என்.ஏ. என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் அது நஞ்சுக்கொடி உதிர்ப்பது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் ஒரே கருவிலிருந்து வந்தாலும், தொடக்கத்தில் செல்கள் பிரியும்போது நேரும் பிழை சில சமயம் நஞ்சுக்கொடியோடு நின்றுவிடும். குழந்தைக்கு எதுவும் இருக்காது. இரட்டையில் ஒன்று ஆரம்பத்திலேயே கரைந்து போயிருந்தாலும் அதன் சுவடு ரத்தத்தில் கொஞ்ச நாள் இருக்கும்.

ரத்த மாதிரிக் குழாயை மெஷினில் சுழற்றி எடுத்தால் அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, நடுவே நூல் போல ஒரு வெள்ளைப் படலம். அந்தப் படலம் தாயின் வெள்ளை அணுக்கள். பிளாஸ்மாவை உறிஞ்சும் பிப்பெட்டின் நுனி அதில் பட்டால் தாயின் டி.என்.ஏ. உள்ளே புகுந்து, நஞ்சுக்கொடியின் பங்கு நீர்த்துப்போகும். அந்தப் பங்கே சராசரியாக 10 சதவீதம்தான். 4 சதவீதத்துக்குக் கீழே போனால் பல ஆய்வகங்கள் முடிவே சொல்வதில்லை. ‘முடிவு இல்லை’ என்று வந்தால் பயப்படவும் வேண்டாம், நல்லது என்று எண்ணி விட்டுவிடவும் வேண்டாம். டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும்.

‘லோ ரிஸ்க்’ வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது சில குரோமோசோம்களை மட்டும் பார்க்கும் வடிகட்டி. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் கழுத்துப்பின் நீர்த்தடிப்பு 3.5 மில்லிமீட்டரைத் தொட்டால், ரத்த முடிவு எதுவானாலும் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அரிதான நோய்களையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய பேனல்களில் பொய் மணி இன்னும் அதிகம். என்னைக் கேட்டால், மரபணு ஆலோசனை இல்லாமல் அவற்றை எடுக்காதீர்கள்.

உறுதி வேண்டுமென்றால் செல்லையே எடுத்துப் பார்க்க வேண்டும். 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசு (நஞ்சுக்கொடியோடு நின்றுவிடும் பிழை இதிலும் சில சமயம் குழப்பலாம்). 15 வாரம் கடந்தால் பனிக்குட நீர். அந்த நீரில் முதல் ஒன்றிரண்டு மில்லியைத் தனியே ஒதுக்கிவிடுவோம், ஊசி வரும் வழியில் தாயின் செல் ஒட்டியிருக்கலாம் என்று. முக்கியமான குரோமோசோம்களின் எண்ணிக்கை இரண்டு மூன்று நாளில் தெரியும். செல்களை வளர்த்து முழுதும் பார்க்க இரண்டு வாரம் பிடிக்கும். ‘ஹை ரிஸ்க்’ ரிப்போர்ட்டை மட்டும் நம்பி, திருப்ப முடியாத முடிவு எதையும் அதற்கு முன் எடுத்துவிடாதீர்கள்.

தாளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று: “ஊசி பாப்பா மேல பட்டுடாதா?”

“ஸ்கேனில் ஊசி நுனியைப் பார்த்துக்கொண்டேதான் செலுத்துவார்கள். கரு கலையும் அபாயம் துளியும் இல்லை என்று சொல்ல மாட்டேன், கைதேர்ந்தவர்கள் செய்தால் 200-ல் ஒன்றுக்கும் குறைவு” என்றேன். அதையும் அந்தத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.