முதல் பவளம் மென்பவளமாக இருப்பது ஏன் நல்லது

பவளம் பார்வைக்குச் செடிபோல் தோன்றினாலும் விலங்குதான். ஆயினும், வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படும் பவளங்களில் பெரும்பாலானவை தங்கள் திசுவுக்குள் குடியிருக்கும் ஜூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கித் தரும் சர்க்கரையை நம்பியே வாழ்கின்றன. ஆகவே பவளம் வளர்ப்பவர் தீவனத்தைவிட விளக்கையும் நீரையுமே அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது. தொடக்கநிலையாளர் தடுமாறுவதும் பெரும்பாலும் நீரில்தான்.

அக்ரோபோரா போன்ற கல்பவளங்கள் நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் இடைவிடாது எடுத்து அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகின்றன. இயற்கைக் கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் இருப்பதால் அது எளிதில் தீர்ந்துவிடாது. காரத்தன்மையின், அதாவது நீரில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட் ஆகியவற்றின், இருப்போ மிகச் சிறியது: கால்சியம் 20 மில்லிகிராம், அதாவது 5 சதவீதம், குறைவதற்குள் காரத்தன்மையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கரைந்துவிடும். திறந்த கடலில் உணரவே முடியாத இந்த இழப்பு 100 லிட்டர் தொட்டியில் சில நாட்களிலேயே பவளத்தைப் பாதிக்கும் அளவுக்குப் போய்விடலாம். நாள்தோறும் சோதித்து ஈடுசெய்யத் தெரிந்தவருக்கே கல்பவளம் ஏற்றது.

மென்பவளங்களுக்கு இந்தச் சுமை மிகக் குறைவு. சார்கோஃபைட்டான் என்னும் தோல்பவளத்தின் உடலுக்குள் ஸ்கிளரைட் எனப்படும் நுண்ணிய சுண்ணாம்புத் துணுக்குகள் மட்டுமே சிதறியிருக்கின்றன. ஒற்றைக் கற்கூடு அதற்கு இல்லை. அதனால், நீரின் வேதியியல் சற்றுப் பிறழ்ந்தாலும் அது தாக்குப்பிடிக்கிறது. இடையிடையே அது பாலிப்களை, அதாவது வாயும் கைகளும் கொண்ட நுண்ணுடல்களை, உள்ளிழுத்துக்கொண்டு, மேற்பரப்பு மெழுகு பூசியதுபோல் மங்கலாகப் பளபளக்க, பல நாட்கள் சுருங்கிக் கிடக்கும். புதிதாக வளர்ப்பவர் அது செத்துவிட்டதென்று தூக்கி எறிவதுண்டு; உண்மையில், மேலே ஒட்டிய பாசியையும் அழுக்கையும் மெல்லிய படலமாக உரித்துத் தள்ளுவதற்கான ஏற்பாடு அது. நீரோட்டத்தைச் சிறிது கூட்டினால் படலம் விரைவில் கழன்றுவிடும். இதே பவளம் டெர்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் கசியவிட்டு அண்டை உயிர்களை ஒடுக்குவதால், வடிகட்டியில் கிளர்வூட்டிய கரியை வைத்து அவ்வப்போது மாற்றுவது அவசியம்.

டிஸ்கோசோமா என்னும் காளான் பவளத்துக்கு எந்தக் கூடும் கிடையாது. மங்கிய வெளிச்சமும் மிதமான நீரோட்டமுமே அதற்குப் போதும். விளக்கின் நேர்கீழே வைத்தால்தான் சுருங்கும். ஒளி அளவுக்கு மிஞ்சும்போது பாசிகள் வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கி, தங்களுக்கு இடம் கொடுத்த திசுவையே சிதைக்கின்றன. பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. எனவே எந்தப் பவளத்தையும் முதலில் தொட்டியின் அடியில் வைத்து, வாரக்கணக்கில் மெல்ல மேலே நகர்த்துவதே பாதுகாப்பான முறை.

ஜீனியா குடும்பத்துப் பவளங்கள் கைகளை விரித்தும் மூடியும் துடிப்பதைக் காணவே பலர் அவற்றை விரும்புகின்றனர். செங்கடலின் ஹெட்டரோஜீனியாவைப் பற்றி 2013 இல் வெளியான ஓர் ஆய்வு, ஒளிச்சேர்க்கையில் திசுவைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜனை இத்துடிப்பு அகற்றுவதால் ஒளிச்சேர்க்கையின் வேகம் கூடுகிறது என்று காட்டியது. அழகானதுதான், ஆனால் பிடித்துவிட்டால் பாறையெங்கும் படர்ந்துவிடும் என்பதால், தனிக்கல்லில் ஒதுக்கி வைக்காதவருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

பொத்தான் போன்ற பாலிப்களாகப் பாறையில் கூட்டமாகப் படரும் சொவாந்தஸ், பேலிதோவா வகைகளும் எளிதில் சாகாதவைதான். ஆனால் பேலிதோவா இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. ஹவாய்த் தீவுகளில் சேகரித்த பேலிதோவாவிலிருந்து அது 1971 இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. உயிரணுச் சவ்வில் அயனிகளை உள்ளும் புறமும் கடத்தும் சோடியம்-பொட்டாசியம் பம்பை அது திறந்த துளையாக மாற்றிவிடுகிறது. ஆகவே அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போடவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ கூடாது. ஆவியை முகர்ந்தே மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும்.

இந்தியாவில் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கல்பவளங்கள் அனைத்தும் கடல்விசிறிகளும் 2001 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் இவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். காளானும் தோல்பவளமும் தொட்டியிலேயே வெட்டிப் பெருக்கக்கூடியவை என்பதால், வேறொரு வளர்ப்பாளரின் தொட்டியில் வளர்ந்த துண்டைக் கேட்டு வாங்குவதே முறை; அத்தகைய துண்டு செயற்கை ஒளிக்கும் தொட்டி நீருக்கும் முன்பே பழகியிருக்கும்.