புல்லுக்கு ஈடாகப் பத்திரம்: மல்பாய் மேய்ச்சல் நிலக் கூட்டணி இயங்கும் விதம்

1991 ஜூலையில், அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்கள் மெக்சிகோவைத் தொடும் மூலையில் ஒரு புல்வெளி தீப்பிடித்தது. அங்கே மாடு மேய்ப்பவர்கள் "எரியட்டும், விட்டுவிடுங்கள்" என்றார்கள். அரசுத் தீயணைப்புப் படை கேட்கவில்லை, அணைத்துவிட்டுப் போனது. அந்தக் கோபத்துக்கும் சேர்த்துத்தான், 1994இல் மல்பாய் பார்டர்லேண்ட்ஸ் குரூப் என்ற அமைப்பு பதிவானது. மாட்டுப் பண்ணையாளர்களும் அரசுத் துறைகளும் சேர்ந்து மேய்ச்சல் நிலத்தைக் காப்பது பற்றி எங்கே பேசினாலும் இந்தப் பெயர் வரும்.

தன் மேய்ச்சல் நிலம் எரிய வேண்டும் என்று ஒருவர் ஏன் கேட்கிறார்? அங்கே பெரிய தலைவலி மெஸ்கீட் மரம், நம் ஊர் சீமைக் கருவேலத்தின் பங்காளி. மாடு அதன் நெற்றைத் தின்று போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதையைப் போடும். முன்பெல்லாம் அவ்வப்போது வந்துபோன தீ இளங்கன்றுகளைக் கொன்றுவிடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாடுகள் பெருகின. தீ பரவத் தேவையான காய்ந்த புல்லை அவை தின்று தீர்த்தன. அதற்குப் பிறகு அரசும் கண்ட தீயையெல்லாம் அணைத்தது. புதர் ஏற ஏறப் புல் குறைந்தது. வளர்ந்த மெஸ்கீட்டை ஒரு தீயால் கொல்ல முடியாது. தண்டு கருகினாலும் அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதனால் ஒருமுறை எரித்துவிட்டுக் கைகழுவ முடியாது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப எரிக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். தீ தொடர்ந்து ஓட ஏக்கருக்கு 250 முதல் 300 கிலோ காய்ந்த புல்லாவது நிற்க வேண்டும். அவ்வளவு நிற்க, முந்தைய மழைக்காலம் முழுக்க அந்தப் பட்டியில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் பகுதியில், மாடு இறங்கக் கூடாது. எரிந்த பிறகு புல் வேர்பிடித்துத் தேறும்வரையும், பெரும்பாலும் இரண்டு மழைக்காலம், இறங்கக் கூடாது. அதுவரை மாடு எதைத் தின்னும்? இதற்குப் பதில் இல்லாத பண்ணையாளர் எந்தக் கூட்டத்தில் தலையாட்டினாலும் தீ வைக்க ஒப்ப மாட்டார்.

அதற்கு மல்பாய்க்காரர்கள் கண்ட வழி புல்வங்கி. அப்பகுதியில் கிரே ரான்ச் என்றொரு பெரும்பண்ணை இருக்கிறது, ஏறத்தாழ 3.2 லட்சம் ஏக்கர். 1990இல் த நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதை வாங்கி, பிறகு உள்ளூர்க்காரர்களின் அனிமாஸ் பவுண்டேஷனுக்கு விற்றது. தன் நிலத்துக்கு ஓய்வு தர விரும்பும் பண்ணையாளர் மாடுகளைக் கிரே ரான்ச்சுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம் என்பது அன்றைய ஏற்பாடு. அங்கே மேயும் புல்லுக்கு, ஒரு மாட்டுக்கு மாதம் இவ்வளவு என்று சந்தைக் குத்தகை விலையில் கணக்கு எழுதுவார்கள். பணம் கட்ட வேண்டியதில்லை. அந்த மதிப்புக்கு ஈடாக, தன் சொந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்கும் உரிமையை விட்டுத்தருவதாக மல்பாய் அமைப்புக்குப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நிலம் அவருடையதே, மேய்ப்பதும் அவரே. ஆனால் பத்திரம் நிலத்தோடு ஒட்டிக்கொண்ட நிரந்தர வில்லங்கம், நாளை வாங்குகிறவரும் அதைச் சுமந்தேதான் வாங்குவார். இப்படியும் ரொக்கம் கொடுத்தும் 75,000 ஏக்கருக்கு மேல் பத்திரத்தின் கீழ் வந்திருக்கிறது.

அந்தப் பத்திரத்தின் ஒரு நிபந்தனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டணியின் மொத்தப் பரப்பு சுமார் 8 லட்சம் ஏக்கர். அதில் பாதிக்குச் சற்று மேல்தான் தனியார் நிலம், மீதி மாநில அரசும் மத்திய அரசும் குத்தகைக்கு விட்டது. குத்தகை நிலம் கைவிட்டுப் போனால் சொந்த நிலத்தை மட்டும் வைத்துப் பண்ணை நடத்த முடியாது. ஆகவே தன் தவறு இல்லாமல் அரசு குத்தகையை இழக்கும் பண்ணையாளர் பத்திரத்திலிருந்து விடுபடலாம் என்று எழுதிவைத்தார்கள். வாக்குறுதி ஒருவழிப் பாதையாக இருந்தால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அரசுத் துறைகள் கூட்டும் பல கூட்டணிகள் தேநீரோடு கலைந்துபோவது இதைக் கவனிக்காததால்தான்.

புல்வங்கிக்கு ஒரு குறை உண்டு. வறட்சி எல்லோரையும் ஒரே ஆண்டில் அடிக்கும், வங்கிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். அதனால் வங்கி நிலத்தை எப்போதும் தாங்குதிறனுக்குக் கீழேயே மேய்க்க வேண்டும், யாருக்கு முன்னுரிமை என்பதை மழை நன்றாகப் பெய்த ஆண்டிலேயே எழுதிவைக்க வேண்டும். வெளிமாடு உள்ளே வருமுன் நோய்ப் பரிசோதனையும் தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும், மந்தைகளைக் கலக்கவும் கூடாது.

இனி அளவைக்கு வருவோம். நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்பதைக் கண்ணால் மதிப்பிட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள், கூட்டணியில் சண்டை தொடங்குவதும் அங்கேதான். 50 செ.மீ. நீள அகலமுள்ள கம்பிச் சட்டம் ஒன்று, கத்தரிக்கோல், காகிதப் பை, தராசு போதும். வரைபடத்தில் முன்கூட்டியே குறித்த நேர்கோட்டில் நடந்து, இத்தனை அடிக்கு ஒன்று என்று சட்டத்தை வையுங்கள். உள்ளே நிற்கும் புல்லைத் தரையோடு நறுக்கி, எடை மாறாத வரை உலர்த்தி நிறுங்கள். சராசரி கிராமை 16ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். 25 கிராம் என்றால் 400 கிலோ. அதில் பாதியைச் செடிக்கும் மண்ணுக்கும் விட்டுவிட வேண்டும். கால்வாசி மிதிபட்டும் பூச்சிக்கும் காட்டு விலங்குக்கும் போகும். மாட்டுக்குக் கால்வாசி, 100 கிலோ. 450 கிலோ எடைப் பசு நாளுக்குச் சுமார் 12 கிலோ உலர்தீனி தின்னும், ஆண்டுக்கு 4,380 கிலோ. ஆக, ஒரு பசுவுக்கு 44 ஏக்கர்.

அந்த 44 ஏக்கரும் மாடு போய் மேயக்கூடிய இடமாக இருக்க வேண்டும். தண்ணீரிலிருந்து 1.6 கி.மீ. தாண்டிய நிலத்தைப் பாதியாகவும், 3.2 கி.மீ. தாண்டியதைப் பூஜ்ஜியமாகவும் வையுங்கள். 100 அடிக்கு 60 அடி ஏறும் சரிவும் பூஜ்ஜியம்தான். கணக்கு தவறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில்: புல் செழித்த பள்ளமாகப் பார்த்துச் சட்டத்தை வைப்பது, பச்சையாகவே நிறுப்பது, பட்டா ஏக்கர் முழுவதையும் மேய்ச்சல் என்று எண்ணுவது.

எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். அங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஜூலை முதல் செப்டம்பர் வரை கொட்டும். அக்டோபரில் நிற்கும் புல்தான் அடுத்த ஜூலை வரைக்கும். குறைவாக இருந்தால் அப்போதே மந்தையைக் குறைக்க வேண்டும். "ஏப்ரல் வரைக்கும் பார்ப்போம்" என்று இழுத்தால் மாடும் மெலிந்து, விலையும் விழுந்து, புல்லும் வேரோடு போயிருக்கும்.

தீயிலும் உரசல் இல்லாமல் இல்லை. நீண்டமூக்கு வௌவாலுக்கு உணவு தரும் கற்றாழை கருகிவிடும், அரிய கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்று மடியும் என்று வனவிலங்குத் துறை தயங்கியது. ஆய்வாளர்களைக் கூட்டி வந்து ஆய்வு செய்து எல்லை வகுத்த பிறகே எரித்தார்கள். 1995இல் பேக்கர் தீ சுமார் 6,000 ஏக்கர், 2003இல் இரண்டாம் பேக்கர் தீ சுமார் 46,000 ஏக்கர். இரண்டாவது தீக்கு முன் பல ஆண்டுகள் காகித வேலை நடந்தது. அரசோடு சேர்ந்து தீ வைக்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கே எரியவிடலாம், எங்கே அணைக்க வேண்டும், எங்கே கேட்டுச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவரும் தம் நிலத்தைக் குறித்துக் கொடுத்த வரைபடம்தான் கூட்டணியின் மிகப் பயனுள்ள ஆரம்ப வேலை என்பேன். அது கையில் இல்லாத அதிகாரி அணைக்கவே செய்வார், அணைத்ததற்காக யாரும் அவரைத் திட்டப் போவதில்லை.

தண்ணீர்த் தொட்டியிலும் கவனம் வேண்டும். உள்ளே விழும் பறவையும் அணிலும் ஏறிவரத் தொட்டியின் அடிவரை இறங்கும் சாய்தளம் ஒன்று சுவரை ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் தொங்கினால் பயனில்லை, நீந்தும் பிராணி சுவரைத் தடவியே சுற்றும். வேலியின் அடிக்கம்பி முள்ளில்லாமல் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருந்தால் பிராங்ஹார்ன் மான் குனிந்து நுழைந்துவிடும். 1996 மார்ச்சில் வார்னர் கிளென் என்ற பண்ணையாளர் பெலோன்சியோ மலையில் ஜாகுவாரைக் கண்டபோது துப்பாக்கியை எடுக்கவில்லை, படம் எடுத்தார். ஜாகுவார் அடித்த மாட்டுக்கு இழப்பீடு தர அமைப்பு நிதியும் ஒதுக்கியது.

கொங்கு நாட்டில் கொறங்காடு என்னும் வேலியடைத்த மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதில் எடுக்க வேண்டியதும் உண்டு, விட வேண்டியதும் உண்டு. கிளுவை வேலிக்குள் நாம் போற்றி வளர்க்கும் கொழுக்கட்டைப் புல், தெற்கு அரிசோனாவின் பாலையில் தீயைப் பரப்பிக் கள்ளிகளை அழிக்கும் களை. அதனால் அங்கே தீ உதவியது என்று இங்கே தீக்குச்சி எடுக்க வேண்டாம். பத்திர ஏற்பாட்டுக்கு நம் சட்டம் தெரிந்தவரின் யோசனை தேவைப்படும். கம்பிச் சட்டம் வைத்துப் புல்லை அளப்பதற்கு அந்த யோசனை தேவையில்லை. வடகிழக்குப் பருவம் ஓய்ந்த ஜனவரியில் அளந்து, கோடைக்கு எத்தனை மாடு என்று முடிவு செய்யலாம். பட்டிக்குள் மூன்று நான்கு இடங்களில் ஒரு மீட்டர் அகலக் கம்பிக்கூண்டைக் கவிழ்த்து, முளைக்குச்சி அடித்து வையுங்கள். கூண்டுக்குள்ளும் வெளியிலும் நறுக்கிய எடைகளின் வித்தியாசம், மாடு உண்மையில் எவ்வளவு மேய்ந்தது என்பதைக் காட்டும். அடுத்த மழைக்கு முன் கூண்டை வேறு இடத்துக்கு மாற்ற மறக்காதீர்கள்.