தெர்மே: ஓர் இத்தாலிய ஊர்ப்பெயரின் வால்

இத்தாலிய ஊர்ப்பெயர்களில் ஒரு வால் அடிக்கடி தென்படும். மோன்தேகாத்தினி தெர்மே, சால்சோமஜ்ஜோரே தெர்மே, கியாஞ்சானோ தெர்மே, ஆக்வி தெர்மே. நம் ஊர்ப்பெயர்களில் வரும் பட்டி, பாளையம் போல இதுவும் ஒருவகைக் குடியிருப்பைக் குறிக்கும் என்று முதலில் தோன்றும். ஆனால் ஊத்துக்குளி, ஊத்துக்கோட்டை என்ற பெயர்களில் 'ஊத்து' செய்கிற வேலையைத்தான் அங்கே 'தெர்மே' செய்கிறது. மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை ஊர்ப்பெயரே சொல்லிவிடுகிறது. ஒரே வித்தியாசம், அந்த ஊற்று சுடும்.

இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க எனக்குப் பிடித்த ஊர், வட இத்தாலியில் பதுவா நகருக்குத் தென்மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் ஆபனோ தெர்மே. ஏறத்தாழ 20,000 பேர் வாழும் சின்ன ஊர். தமிழில் சிலர் 'அபானோ' என்று எழுதுகிறார்கள். இத்தாலியர் முதல் அசையை அழுத்தி நீட்டுவதால் 'ஆபனோ' என்பதே ஒலிக்கு நெருக்கம். இப்படி எழுதினால் இன்னொரு வசதியும் உண்டு: யாருக்கும் அபான வாயு நினைவுக்கு வராது. அந்தச் சொல்லுக்கும் இந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, தெர்மேவை மொழிபெயர்ப்பவர்கள் 'ஸ்பா நகரம்' என்று எழுதிவிடுவதைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஸ்பா என்பது பெல்ஜியத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அதன் தாது நீர் பேர்பெற்றதால், ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயரே பொதுச்சொல் ஆகிவிட்டது. லத்தீனில் 'நீரால் நலம்' என்று பொருள்படும் மூன்று சொற்களின் முதலெழுத்துகள்தான் ஸ்பா என்று அழகு நிலைய விளம்பரங்களில் ஒரு கதை ஓடும். அது பின்னால் கட்டிய கதை. நம் குளியலறைக் கீசருக்கும் இதே வரலாறுதான்: ஐஸ்லாந்தில் நீரைப் பீய்ச்சி அடிக்கும் ஒரு குறிப்பிட்ட ஊற்றின் பெயர் கெய்சிர். அது ஆங்கிலம் வழியாக வந்து நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நம் நகரங்களில் இன்று ஸ்பா என்றால் மசாஜ், மெழுகுவர்த்தி, வாசனை எண்ணெய். மூட்டுவலிக்காரர் மருத்துவரின் சீட்டோடு போய்ச் சேற்றில் படுக்கும் ஓர் ஊருக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை.

தெர்மேவின் மூலம் கிரேக்கம். 'தெர்மோஸ்' என்றால் சூடான. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரும் காபியைச் சூடாக வைக்கும் தெர்மாஸ் பிளாஸ்க்கும் அதே வேரில் முளைத்தவை. கிரேக்கர்களிடமிருந்து சொல்லை வாங்கிய ரோமர்கள் 'தெர்மாய்' என்று பன்மையில் சொன்னது பெரும்பாலும் ஊற்றை அல்ல, பிரம்மாண்டமான பொதுக் குளியல் மண்டபங்களை. ரோம் நகரத்து மண்டபங்களில் கால்வாய் வழியே கொண்டுவந்த குளிர்ந்த நீரை விறகு எரித்துத்தான் சூடாக்கினார்கள். தரையைத் தூண்கள்மேல் தூக்கி நிறுத்தி, அடியில் அனலை ஓடவிட்டார்கள். பேரரசர் தியோக்ளேஷியன் பெயரில் கட்டிய மண்டபத்தின் அருகில்தான் இன்றைய ரோமின் பெரிய ரயில் நிலையம் இருக்கிறது. அதன் பெயர் தெர்மினி. ரயில் முடியும் இடம் என்பதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பழைய குளியல் மண்டபத்தின் பெயர்.

தரையிலிருந்து தானாக வரும் வெந்நீருக்கு ரோமர்கள் வைத்த பெயர் இன்னும் எளிது: 'அக்வே', அதாவது நீர்கள். இங்கிலாந்தின் பாத் நகரம் அவர்களுக்கு அக்வே சூலிஸ். மேலே சொன்ன ஆக்வி, அக்வே என்ற அந்தச் சொல்லின் தேய்ந்த வடிவம். ஆகவே ஆக்வி தெர்மே என்பது நடுச்சென்டர் மாதிரி. ஒரே பொருளை இரண்டு காலத்துச் சொற்களால் இரண்டு முறை சொல்கிறது. கட்டடத்தைக் குறித்த தெர்மே காலப்போக்கில் ஊற்றையும் சேர்த்துக் குறித்து, ஊரையும் குறித்து, கடைசியில் பெயரின் வாலாக ஒட்டிக்கொண்டது.

இந்தச் சொல்லின் உறவினர் ஒருவர் நம் சமையலறையிலேயே இருக்கிறார். கிரேக்கத் தெர்மோஸும் பாரசீக 'கர்ம்' என்ற சொல்லும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிரிந்தவை. அந்தக் கர்ம்தான் இந்தி வழியாக வந்த கரம் மசாலாவின் கரம். முதல் ஒலி கிரேக்கத்தில் ஒரு பக்கமும் பாரசீகத்தில் இன்னொரு பக்கமும் திரும்பிவிட்டதால் இரண்டும் அண்ணன் தம்பி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அப்புறம் ஆபனோ. இதன் பழைய வடிவம் அப்போனுஸ். வெந்நீர் ஊற்றில் குடியிருந்ததாக அங்குள்ளவர்கள் நம்பிய தெய்வத்தின் பெயர் அது. 'அப்போனுஸின் ஊற்று' என்றே ரோம எழுத்தாளர்கள் இந்த இடத்தைக் குறிப்பிட்டார்கள். கிரேக்கத்தில் 'போனோஸ்' என்றால் வலி, 'அ' சேர்த்தால் வலியின்மை. அதனால் அப்போனுஸ் என்றால் வலி போக்குபவன் என்று அந்தக் காலத்திலேயே விளக்கம் சொல்லிவிட்டார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மொழியியலாளர்கள் இதை ஏற்பதில்லை. நீரைக் குறிக்கும் 'அப்' என்ற பழைய வேரையே அவர்கள் காட்டுகிறார்கள். சமஸ்கிருதத்தில் நீருக்கு அதே அப். ஐம்பூதங்களை எண்ணும்போது அப்பு என்றும், திருவானைக்காவை அப்புத்தலம் என்றும் நாம் சொல்வது அதிலிருந்து வந்தது. பாரசீகத்தில் அது 'ஆப்': ஐந்து நீர் ஓடும் நாடு பஞ்சாப், ரோஜா நீர் குலாப். குலாப் ஜாமூனில் இருக்கும் நீரும் ஆபனோவில் இருக்கும் நீரும் வேரில் ஒன்று.

அப்போனுஸ் ஆபனோ ஆனதில் வல்லொலி 'ப' மெலிந்திருக்கிறது. வட இத்தாலியப் பேச்சில் உயிர்களுக்கு நடுவே இப்படி மெலிவது வழக்கம். 'அப்பு'வில் வன்மையாகவும் 'சபை'யில் மென்மையாகவும் ஒரே எழுத்தைப் படித்துப் பழகிய நமக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை.

இரண்டு பாதிகளையும் வேர்வரை உரித்துச் சேர்த்தால் கிடைப்பது நீர், சூடு. அதாவது வெந்நீர். ஊர்க்காரர்கள் யாரும் இப்படி யோசித்துப் பெயர் வைக்கவில்லை. முதல் பாதி ரோமருக்கும் முந்தையது, வால் பின்னால் ஒட்டியது. ஆனாலும் கணக்கு சரியாகவே வருகிறது.

பெயருக்குப் பின்னால் உள்ள வரலாறும் நீரைச் சுற்றியே ஓடுகிறது. ரோமர் வருமுன்பே இந்தப் பக்கத்து வெனேத்தி மக்கள் இங்கிருந்த ஒரு வெந்நீர் ஏரியை வழிபட்டார்கள். ஆபனோவுக்கும் அடுத்த ஊரான மோன்தேக்ரோத்தோவுக்கும் இடையில் தோண்டியபோது, காணிக்கையாக இட்ட சிறு மண் கிண்ணங்களும் வெண்கலக் குதிரை உருவங்களும் கிடைத்தன. பிறகு திபேரியஸ் கதை. பேரரசராகும் முன் படையோடு இல்லீரியாவுக்குப் போகும் வழியில் அவர் பதுவா அருகே குறி கேட்டார். அப்போனுஸின் ஊற்றில் தங்கப் பகடைகளை வீசிப் பார் என்று குறி வந்தது. வீசினார், மிக உயர்ந்த எண் விழுந்தது. அந்தப் பகடைகளை இன்றும் நீருக்கு அடியில் காணலாம் என்று ரோமப் பேரரசர்களின் வரலாற்றை எழுதிய சுவேத்தோனியஸ் தம் காலத்தில் எழுதினார். நம் கோயில் குளங்களில் காசு போடுகிற யாருக்கும் இந்தக் காட்சி அந்நியமாகத் தெரியாது.

6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியை ஆண்ட கோத்திய மன்னர் தியோடோரிக், பாழடைந்து கிடந்த இந்தக் குளியல் மண்டபங்களைப் பழுதுபார்க்க ஆணையிட்டார். அவருக்காக அவருடைய அரசவை அதிகாரி காசியோதோருஸ் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. வலி போக்கும் பெயர் விளக்கம் அதிலும் உண்டு. அதைவிட ரசமான ஒன்று: திருடிய ஆட்டைக் கொண்டுவந்து மயிர் நீக்க இந்த நீரில் முக்கினால், எத்தனை முறை முக்கினாலும் மயிர் உதிராது, கறிதான் வெந்துபோகும் என்கிறது கடிதம். அரசாணையில் இப்படி ஒரு வரி வரவேண்டுமென்றால் அந்தப் பக்கத்தில் ஆட்டுத் திருட்டு கொஞ்சம் அதிகமாகவே இருந்திருக்க வேண்டும்.

இந்த ஊரில் பிறந்த பெரிய மனிதர் பியேத்ரோ த ஆபனோ. பதுவாவில் மருத்துவமும் தத்துவமும் கற்பித்தவர். மதவிசாரணைக்கு உள்ளாகி, அது முடியும் முன்பே 1316 வாக்கில் இறந்துபோனார். அதே நூற்றாண்டில், வானியல் கடிகாரம் செய்து புகழ்பெற்ற ஜொவான்னி தோந்தி பதுவா வட்டாரத்து வெந்நீரூற்றுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1405இல் பதுவாவோடு சேர்ந்து ஆபனோவும் வெனிசின் ஆட்சிக்குப் போனது. முதல் உலகப்போரின் கடைசி ஆண்டில் இத்தாலியப் படைத் தலைமையகம் ஆபனோவின் ஒரு விடுதியில் இயங்கியது. ஆஸ்திரியாவோடு சண்டை நிறுத்தம் கையெழுத்தானது பதுவாவை ஒட்டிய வில்லா ஜுஸ்தியில், 1918 நவம்பர் 3 அன்று.

நீர் ஏன் சுடுகிறது? ஊருக்கு மேற்கே, தட்டையான சமவெளியில் திடீரென்று கூம்புக் கூம்பாக எழும் எவுகானேய் குன்றுகளைப் பார்த்தவர்கள் உடனே எரிமலை என்பார்கள். குன்றுகள் எரிமலையால் பிறந்தவைதான். அவற்றில் உயரமான வெந்தா மலை 601 மீட்டர். ஆனால் அந்த நெருப்பு அணைந்து 3 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சூடு வருவது ஆழத்திலிருந்து. வடக்கே ஆல்ப்ஸின் அடிவார மலைகளில் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, 2,000 முதல் 3,000 மீட்டர் ஆழம்வரை போகிறது. அங்கே பூமியின் இயல்பான வெப்பத்தில் சூடேறி, வழியில் உப்பையும் புரோமின், அயோடின் சேர்மங்களையும் கரைத்துக்கொண்டு இங்கே மேலேறுகிறது. இந்தப் பயணம் சுமார் 80 கிலோமீட்டர் என்றும், குறைந்தது 25 ஆண்டுகள் எடுக்கும் என்றும் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். வெளியே வரும்போது 80 டிகிரிக்கு மேல். அப்படியே குளித்தால் தோல் உரிந்துவிடும், ஆறவிட்டுத்தான் குளங்களில் நிரப்புகிறார்கள். பழைய இயற்கை ஊற்றுகள் கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டன. இப்போது நீர் வருவது ஆழ்துளைக் கிணறுகளில் இருந்து.

நீரைவிட ஊரின் தனிச்சிறப்பு சேறு. அதற்கு இத்தாலியில் 'ஃபாங்கோ' என்று பெயர். ஜெர்மானிய மொழிகளிலிருந்து இத்தாலிக்குப் போன சொல், பிறகு மருத்துவச் சொல்லாக ஜெர்மனுக்கே திரும்பிப் போயிருக்கிறது. குன்றுகளிலுள்ள சிறு ஏரியில் களிமண்ணை எடுத்து, ஓடும் வெந்நீரில் சுமார் 2 மாதம் ஊறவைப்பார்கள். அதன்மேல் பச்சைப் பசேலென்று நுண்பாசி படரும். வீக்கத்தைத் தணிக்கும் கொழுப்புப் பொருள்கள் இந்தப் பாசியில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பதுவாவின் வெந்நீரில் பச்சைப் பூண்டுகள் வளர்கின்றன என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோம எழுத்தாளர் பிளினி வியந்து எழுதினார். அவர் பார்த்தது இதையாகவும் இருக்கலாம். பக்குவமான சேற்றை இளஞ்சூட்டோடு முதுகிலும் மூட்டுகளிலும் தடிமனாக அப்பி, துணியால் போர்த்திக் கால்மணி நேரம் படுக்கவைப்பார்கள். பின்னர் கழுவிவிட்டு வெந்நீர்க் குளியல்.

இதைச் 'சேற்றுக் குளியல்' என்று தமிழில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. யாரும் சேற்றில் குளிப்பதில்லை. கால் சுளுக்கினால் நம் வீட்டில் அரைத்துச் சூடாக்கித் தடவுவதற்கு என்ன பெயர்? பத்து. எழுத்தில் பற்று. 'பத்து போட்டுப் படு' என்பார்கள். ஃபாங்கோ சிகிச்சைக்குச் சேற்றுப்பற்று என்பதைவிடப் பொருத்தமான சொல் தேட வேண்டியதில்லை.

தெர்மேவுக்கு மட்டும் ஒரே சொல் போதாது, ஏனென்றால் அந்தச் சொல்லே மூன்று பொருளைச் சுமக்கிறது. ஊற்றைக் குறித்தால் வெந்நீரூற்று. திருகோணமலைக்கு அருகே கன்னியாவிலுள்ள ஏழு கிணறுகளை ஈழத்தில் இப்படித்தான் அழைக்கிறார்கள், ஆகவே இது புதிதாகக் கட்டிய சொல்லும் அல்ல. பாடநூல்களில் வரும் 'வெப்ப நீரூற்று' தவறில்லை, ஆனால் வெம்மையும் நீரும் சேர்ந்த வெந்நீர் என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பிரித்து எழுதுவானேன்? 'சுடுதண்ணீர்' பேச்சுக்குச் சரி. தண்ணீர் என்றாலே குளிர்ந்த நீர் என்று இலக்கணம் பிடிப்பவர்களோடு சண்டை போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கட்டடத்தைக் குறித்தால் வெந்நீர்க் குளியலகம். ஊரைக் குறித்தால் வெந்நீரூற்று நகர்.

ஊர்ப்பெயரின் பகுதியாக வரும்போது மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். ஆபனோ தெர்மே அப்படியே இருக்கட்டும். திருநெல்வேலியை யாராவது இத்தாலியில் நெல்லாகவும் வேலியாகவும் மாற்றினால் நாம் விடுவோமா?

சிகிச்சையின் பெயர் இத்தாலியில் 'கூரே தெர்மாலி'. ஊற்றுநீர்ச் சிகிச்சை என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே இது பணக்காரர் பொழுதுபோக்கு மட்டுமல்ல. குறிப்பிட்ட நோய்களுக்கு மருத்துவர் சீட்டு எழுதித் தந்தால், ஆண்டுக்கு ஒரு சுற்றுச் சிகிச்சையின் செலவில் பெரும்பகுதியை அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஏற்கிறது. சேற்றுப்பற்று என்றால் ஒரு சுற்றுக்கு 12 தடவை. ஆகவே ஆபனோவுக்குப் போகும் இத்தாலியப் பாட்டியிடம் 'ஸ்பாவுக்கா?' என்று கேட்டால், இல்லை, முட்டிக்குப் பத்து போட என்பதுதான் அவர் பதிலாக இருக்கும்.