நாலில் இரண்டு எரிந்தாலும் படம் பிழைக்கும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கூலாயில், நான் இருக்கும் தாமானில் (குடியிருப்பில்) ஓர் அக்கா இருக்கிறார். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் இருபது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். போன வாரம் ஒரு மைலோ டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உள்ளே அவர் தாயாரின் பிறப்புப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டுகள், லயத்து வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். பத்திரத்தை நாலாக மடித்து வைத்து வைத்து, மடிப்பிலேயே கிழிந்திருந்தது. கிழிசல் தாயாரின் பெயர்மேல் விழுந்து ஓர் எழுத்தைத் தின்றுவிட்டது. ஆனாலும் மாரியம்மா என்று வாசிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

“மவன் எல்லாத்தையும் போன்ல படம் புடிச்சு கிளவுட்ல ஏத்திட்டேங்கிறான் தம்பி. அது தொலைஞ்சு போச்சுன்னா யாருகிட்ட போய்க் கேக்குறது? எவனாச்சும் எடுத்துப் பாத்துட்டா?”

இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்க முடியாது. ஒரு பத்திரம் இல்லாத குறையால் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடே காலத்தைக் கழித்தவர்கள் நம் எல்லார் உறவிலும் உண்டு. அக்கா கேட்டது ஒன்றல்ல, இரண்டு. தொலைந்துபோவது வேறு, திருடு போவது வேறு. இரண்டுக்கும் காவல் தனித்தனி.

கிளவுட், அதாவது மேகம் என்ற பெயர்தான் ஆளைக் குழப்புகிறது. வானத்தில் எதுவும் இல்லை. நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. செடெனாக் பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். செம்பனைக்குப் பெயர்போன வட்டாரத்தில் இன்று நீள நீளமாகத் தரவு மையங்கள் நிற்கின்றன. உள்ளே அடுக்கடுக்காகக் கணினிகள், அவற்றுக்கு ஓயாத மின்சாரம், குளிரூட்டத் தண்ணீர். போனிலிருந்து ஏற்றும் படம் இணையம் வழியாக இப்படி ஒரு கட்டடத்துக்குப் போய் வட்டுகளில் எழுதப்படுகிறது. அவ்வளவுதான்.

ஆனால் வட்டு சாகும். ஆயிரக்கணக்கில் வட்டுகள் ஓடும் இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்துக்கொண்டேதான் இருக்கும். அப்படியும் படம் எப்படித் தப்பிக்கிறது? மூன்று நகல் எடுத்து மூன்று கணினியில் வைத்தால் இரண்டு போனாலும் ஒன்று மிஞ்சும். சரிதான், ஆனால் ஒரு படத்துக்கு மூன்று படத்தின் இடம் செலவாகிறது. இதைவிட அழகான வழி ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

மாரியம்மாவின் பெயருக்குத் திரும்புவோம். ஓர் எழுத்து அழிந்தும் வாசிக்க முடிந்தது ஏன்? மிச்ச எழுத்துகள் அதைக் காட்டிக்கொடுத்தன. எழுத்துகளுக்குள் ஓர் உறவு இருக்கிறது. கணினி படத்தை எண்களாகத்தான் எழுதி வைக்கிறது. அந்த எண்களுக்குள் அப்படி ஓர் உறவு கிடையாது. 3, 5 என்று இரண்டு எண் இருந்து 5 அழிந்துபோனால், 3ஐ எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் 5 வராது. ஆகவே உறவை நாமே உண்டாக்க வேண்டும்.

இடைநிலைப் பள்ளியின் இரண்டாம் படிவக் கணக்கு போதும். வரைதாளில் முதல் இடத்தில் 3 உயரத்தில் ஒரு புள்ளி, இரண்டாம் இடத்தில் 5 உயரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அடிக்கோலை வைத்து இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்து அப்படியே நீட்டுங்கள். மூன்றாம் இடத்தில் கோடு 7ஐத் தொடும், நான்காம் இடத்தில் 9ஐத் தொடும். இப்போது 3, 5, 7, 9 ஆகிய நான்கையும் நான்கு கணினிகளில் ஆளுக்கொன்றாக வையுங்கள்.

முதலாவதும் மூன்றாவதும் எரிந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது இரண்டாம் இடத்து 5, நான்காம் இடத்து 9. இரண்டு அடிக்கு 4 ஏறியிருக்கிறது, அப்படியானால் ஓர் அடிக்கு 2. ஐந்திலிருந்து ஓர் அடி பின்னால் வந்தால் 3. போனது திரும்பிவிட்டது! எந்த இரண்டு எரிந்தாலும் இப்படித்தான், ஏனென்றால் இரண்டு புள்ளி வழியாக ஒரே ஒரு நேர்கோடுதான் போக முடியும். நகல் முறையில் இரண்டு இழப்பைத் தாங்க மூன்று மடங்கு இடம் வேண்டியிருந்தது. இங்கே இரண்டே மடங்கு.

நேர்கோட்டுக்குப் பதில் வளைகோடு எடுத்தால் இன்னும் மிச்சம் பிடிக்கலாம். மூன்று புள்ளி ஒரு பரவளையத்தைத் தீர்மானிக்கும், பதினேழு புள்ளி பதினாறாம் படி வளைகோட்டைத் தீர்மானிக்கும். பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் 2015ல் வெளியிட்ட முறையில் ஒவ்வொரு கோப்பையும் 17 துண்டாக்கி, அதோடு 3 துண்டைக் கணக்கிட்டுச் சேர்த்து, 20 கணினிகளில் பரப்பி வைத்தது. எந்த மூன்று செத்தாலும் கோப்பு பிழைக்கும். கூடுதல் இடம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஓர் இடறல் உண்டு. வளைகோடு மேலே ஏற ஏற எண்கள் பெருத்துக்கொண்டே போகும், பின்னமும் வரும். கணினியின் ஒரு பைட்டுக்குள் 256 மதிப்புகள்தாம் அடங்கும். அதற்காக எண்களையே வேறு விதமாகக் கூட்டுகிறார்கள். கடிகாரத்தில் 9 மணிக்குமேல் 5 மணி நேரம் போனால் 14 வருவதில்லையே, 2தானே வருகிறது? அதைப்போல எண்கள் வெளியே வழியாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றும், ஆனால் வகுத்தலும் மிச்சமில்லாமல் நடக்கும். இப்படிப்பட்ட எண் உலகங்களைக் கண்டவர் எவாரிஸ்ட் கலுவா என்ற பிரெஞ்சு இளைஞர். 1832ல் துப்பாக்கிச் சண்டையில் சுடப்பட்டு 20 வயதில் இறந்தார். அவர் கணக்கையும் வளைகோட்டையும் சேர்த்து, 1960ல் அமெரிக்காவின் எம்ஐடி லிங்கன் ஆய்வுக்கூடத்தில் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் இருவரும் ஐந்தே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1986ல் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸ் கோளைப் படம் பிடித்து அனுப்பியபோது, வழியில் சிதைந்த எண்களை மீட்டது இந்த முறைதான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் தாமான் முனையில் ஒரு ரொட்டிச்சானாய்க் கடை. கல்லாவில் ஒட்டியிருக்கும், பணம் செலுத்தும் டுயிட்நவ் கியூஆர் அட்டையின் ஒரு மூலை எண்ணெய் ஏறிப் பழுப்பாகிவிட்டது, குழம்புக் கறையும் உண்டு. போனைக் காட்டினால் பணம் ஒழுங்காகப் போகிறது. 1994ல் ஜப்பானில் பிறந்த கியூஆரிலும் இருப்பது ரீட்–சாலமன் முறையே. அதன் உச்ச அளவில் சுமார் 30 விழுக்காடு சிதைந்தாலும் மீட்டுவிடும்.

இந்த இடத்தில் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். கலுவாவின் கணக்கால் அவர் காலத்தில் யாருக்கும் பத்துக் காசு வருமானம் இல்லை. ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்டுக் கேட்டு நிதி கொடுப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். நிலம் கொடுக்கிறோம், மின்சாரம் கொடுக்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம். அந்தக் கட்டடத்துக்குள் ஓடும் கணிதத்தை ஆராய நம் பல்கலைக்கழகங்களுக்கும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே காவலாளியாக மட்டும் போய் நிற்பதில் எனக்குச் சம்மதமில்லை.

துண்டுகளை எங்கே வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். 2021 மார்ச் 10ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது. காப்புநகலையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு எல்லாமே போயிற்று. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோனில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, வெளியே நகல் இல்லாத 858 டெராபைட் அழிந்தது. கோடு எவ்வளவு நேராக இருந்தாலும் நான்கு புள்ளியும் ஒரே கூரைக்கடியில் இருந்தால் பயனில்லை. அதனால்தான் அக்காவுக்குச் சொன்னேன்: கிளவுடில் ஒன்று, மகனின் வட்டில் ஒன்று, மைலோ டின்னையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆயுத பூஜைக்குக் கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், நானும் வைக்கிறேன். அதே நாளில் கோப்புகளையும் நகலெடுத்துவிடலாம்.

தொலைவது பற்றி இன்னும் இரண்டு சேதி. போனிலிருந்து தானாக ஏறும் படத்தைப் போனில் அழித்தால் பெரும்பாலும் கிளவுடிலும் அழியும். குப்பைத் தொட்டியில் சில வாரம்தான் கிடக்கும். இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் நீக்கலாம் என்ற விதியும் 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. பாட்டி பெயரில் கணக்குத் திறந்து மறந்துபோனவர்கள் கவனிக்க.

திருட்டுக்கு வருவோம். வட்டில் எழுதுமுன்பே படத்தைப் பூட்டிவிடுகிறார்கள். பூட்டின் பெயர் ஏஇஎஸ், 2001ல் தரமாக ஏற்கப்பட்டது. சாவி ஓர் எண், 78 இலக்கம் வரை போகும். வட்டையே ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடினாலும் அவனுக்குக் கிடைப்பது வெறும் இரைச்சல்தான். ஆகவே திருடன் பூட்டை உடைக்க வருவதில்லை, சாவிக்காரரைத்தான் தேடி வருகிறான். புலனத்தில் (வாட்ஸ்அப்) கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு, அதற்குத்தான். தொட்டுவிட்டு, பணமும் போய்விட்டது என்றால் உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள். அக்கா மகனின் கடவுச்சொல் அவன் பிறந்த தேதி. அன்றைக்கே மாற்றி, இரண்டாம் சரிபார்ப்பையும் போட்டுக் கொடுத்தேன்.

வழக்கமாகச் சாவி நிறுவனத்திடம்தான் இருக்கும். நாமே வைத்துக்கொள்ளவும் சில சேவைகளில் வழி உண்டு. புலனத்தின் காப்புநகலுக்கு 2021லிருந்து 64 இலக்கச் சாவி எடுக்கலாம். அப்புறம் நிறுவனமே நினைத்தாலும் திறக்க முடியாது. அதைத் தொலைத்தால் நம்மாலும் முடியாது.

அப்படியானால் சாவியை யாரிடம் கொடுப்பது? ஒருவரிடம் கொடுத்தால் அவர் திறந்துவிடலாம், தொலைத்தும் விடலாம். 1979ல் ஆதி ஷமீர் என்ற கணினி அறிஞர் இதற்கு விடை சொன்னார், அதே நேர்கோட்டை வைத்து. தினசரி நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் அக்காவுக்கு வரைந்து காட்டினேன். ரகசிய எண் 8 என்று வைத்து, சுழியம் என்ற இடத்தில் அந்த உயரத்தில் ஒரு புள்ளி. நமக்குப் பிடித்த சாய்வில் ஒரு கோடு, அடிக்கு 3. முதல் இடத்தில் 11 வரும், அது அக்காவுக்கு. இரண்டாம் இடத்து 14, விடியற்காலையில் மோட்டாரில் சிங்கப்பூர் வேலைக்குப் போகும் மகனுக்கு. மூன்றாம் இடத்து 17, ஈப்போவில் கட்டிக்கொடுத்த மகளுக்கு. ஒரு புள்ளி வழியாகக் கணக்கில்லாத கோடுகள் போகும், ஆகவே ஒருவர் தாளைத் திருடினாலும் ரகசியம் வெளிவராது. எந்த இருவர் சேர்ந்தாலும் கோடு கிடைக்கும், பின்னால் நடந்து 8க்கு வந்துவிடலாம்.

அக்கா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப நான் இல்லாட்டியும் இவங்க ரெண்டு பேரும் தொறந்துக்கலாமா தம்பி?”

“தொறக்கலாம்க்கா.”

தாளை நாலாக மடிக்கப் போனவர், நிறுத்தி, மடிக்காமலே மைலோ டின்னுக்குள் சுருட்டி வைத்தார்.